அம்மாதான் பேசறேன்

அம்மாவின் விரலிடுக்குகளில் வெளுத்துத் திரைந்துபோயிருந்த தோலை அவள் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பாட்டில் கழுவும் கொட்டகையில் காரத்தண்ணீருக்குள் வருடக்கணக்கில் ஊறிய கை. எவ்வளவு துடைத்தாலும் அந்த வெளுப்பு போகாது என்று தெரிந்தும் துடைத்துக்கொண்டிருந்தாள். தம்பிதான் கூப்பிட்டான். எழுந்து பின்பக்கக் குழாயடிக்குப் போனாள்.

"அக்கா, வரிசைல நிக்கறேன். கேட்டுக்கு வெளிய வரைக்கும் கூட்டம். ஒவ்வொரு பிள்ளைக்குப் பின்னாடியும் அப்பா ஒண்ணு, அம்மா ஒண்ணு. அதான் வரிசை அனுமார் வாலாட்டம் நீளுது."

"எதாவது சாப்பிட்டியா?"

"பன்னு தின்னேன். அம்மா முழிச்சிட்டாளா? நேத்து நான் கிளம்பறப்ப ரொம்ப இருமினா."

"இப்ப இருமல் இல்லடா." சொன்ன பிறகுதான் அது பொய்யில்லை என்று அவளுக்கு உறைத்தது. "தூங்கறா. நீ வரிசைய விட்டு நகராத. அஞ்சு மணி வரைக்கும்தான் அந்த சீட்டு உன்னுது. அப்புறம் அடுத்த ஆளுக்குப் போயிடும்."

"தெரியும்க்கா. நீயும் ஏன் காலேஜ் மைக்கு மாதிரியே பேசற?"

அன்று விடிந்ததும் அவள் வெந்நீர் எடுத்து வந்தபோது அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தோளைத் தொட்டதுமே தெரிந்துவிட்டது. அழுவதற்கு முன்னால் அவள் செய்த முதல் காரியம், தம்பிக்குப் போன் செய்யப் போன பக்கத்து அறைப் பெண்ணின் கையைப் பிடித்து நிறுத்தியதுதான்.

மாமா வந்தபோது முற்றத்தில் நாலு பெஞ்சு போட்டிருந்தார்கள். வேன் ஓட்டுகிறவர், அம்மாவுக்கு ஒரே தம்பி. தன் அக்காவின் காலடியில் உட்கார்ந்து துண்டை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு முதலில் கேட்டது அதைத்தான்.

"சுண்டெலிக்குச் சொல்லிட்டியா?"

சின்ன வயதில் புத்தக முனைகளையெல்லாம் கடித்து வைப்பான் என்று தம்பிக்கு மாமா வைத்த பெயர் அது.

"இல்ல மாமா. சொல்லப்போறதும் இல்ல."

"புத்தி கெட்டுப்போச்சா உனக்கு? வாடகை வீடு, வீட்டுக்காரன் இருட்டறதுக்குள்ள எடுக்கணும்னு நிக்கறான். இப்ப சொன்னாத்தான் அவன் பஸ் ஏறி, வர்ற வரைக்கும் கெஞ்சிக் கூத்தாடியாவது வச்சிருக்கலாம். பெத்தவ முகத்தக் கடைசியா ஒரு தடவ பாக்க வேணாமா?"

"பாக்க வந்தா சீட்டு போயிடும்."

"சீட்டு அடுத்த வருஷம் வராதா?"

அவள் அம்மாவின் சேலை மடிப்பை நீவிவிட்டாள். பிறகு, யார் மேலும் கோபமில்லாத குரலில் சொன்னாள். "அப்பா செத்தப்பவும் இதையேதான் சொன்னீங்க. நான் காலேஜ்ல சேர ஆபீஸ் வாசல்ல பேக்கத் தூக்கிக்கிட்டு நிக்கறேன். போன் பண்ணி, உடனே வா, முகத்தப் பாத்துக்கன்னீங்க. வந்தேன், பாத்தேன். அடுத்த வருஷம் எனக்கு சீட்டு எங்க வந்துச்சு மாமா?"

அந்த வருடத்திலிருந்து அவள் சட்டைக் கம்பெனியில் பொத்தான் துளை போடும் காஜா மெஷினில் உட்காருகிறாள். ஒரு நாளில் எத்தனையோ சட்டைகள் அவள் கையைத் தாண்டிப் போகும். அவள் வேலையில் சேர்ந்த அன்றைக்கு அம்மா அழவில்லை, தடுக்கவுமில்லை. ஆனால் அதற்குப் பிறகு, தம்பி படிக்கும்போது யாராவது அவனை ஒரு வேலைக்குக் கூப்பிட்டால் அம்மாதான் எழுந்து போவாள்.

"அவன் நாளைக்கு உன்னை மன்னிக்க மாட்டான்" என்றார் மாமா.

"மன்னிக்க வேணாம். படிச்சா போதும்."

மத்தியானம் போன் மறுபடி அடித்தது. தம்பியின் குரல் மாறியிருந்தது.

"அக்கா, உள்ள வந்துட்டேன். ஆனா அப்பாவோ அம்மாவோ கூட வரணுமாம். சின்னப் பையன தனியா சேத்துக்க மாட்டோங்கறாங்க. உடம்பு முடியலன்னு சொன்னேன். ஆபீஸ்ல இருக்கறவர் போன்லயாவது பேசச் சொல்லுங்கறார். அம்மாவ எழுப்பிக் குடேன்."

அவள் கதவு வழியாக உள்ளே பார்த்தாள். அம்மாவின் தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டியிருந்தது.

"நீ போன அவர்கிட்ட குடு. நான் அம்மாகிட்ட குடுக்கறேன்."

எதிர்முனையில் ஒரு ஆண்குரல் தொண்டையைச் செருமிற்று. "யாரு பேசறது? பையனோட அம்மாவா?"

"ஆமாங்க. அம்மாதான் பேசறேன்."

"எல்லாப் பிள்ளைங்க கூடவும் பெத்தவங்க வந்திருக்காங்க. நீங்க மட்டும் ஏம்மா வரல?"

"உடம்பு சரியில்ல சார். எந்திரிக்க முடியல."

"பையனுக்கு நாளைக்கு ஒண்ணுன்னா நாங்க யாரக் கூப்பிடறது?"

"என்னைத்தான் சார். எப்பக் கூப்பிட்டாலும் எடுப்பேன்."

அந்த நேரம் பார்த்து பாட்டில் கொட்டகைப் பெண்கள் கூட்டமாக உள்ளே நுழைந்தார்கள். ஒருத்தி வாசலிலேயே மார்பில் அடித்துக்கொண்டு உரக்கக் கதறினாள். போனின் வாயைப் பொத்துவதற்குள் சத்தம் அந்தப் பக்கம் போய்விட்டது.

"என்னம்மா அங்க அழுகைச் சத்தம்?"

"பக்கத்து வீட்டுல ஒருத்தர் தவறிட்டாங்க சார்."

"அடடா." குரல் கொஞ்சம் இறங்கியது. "சரி, சரி. பாத்துச் செய்யறோம்."

போன் மறுபடி தம்பியின் கைக்கு வந்தது. "அக்கா, யாருக்கா செத்தது? சைக்கிள் கடைத் தாத்தாவா?"

சைக்கிள் கடைக்காரர் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தார், வந்தவர்களுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு. அவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஆமாடா."

"ஐயோ! போன வாரம்தான் என்கிட்ட, நீ படிச்சி முடிச்சி கார் வாங்கு, அதுக்கும் நானே பஞ்சர் ஒட்டறேன்னார்க்கா." அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "அம்மா அந்தப் பக்கம் போகாம பாத்துக்க. அழுதா திரும்பவும் மூச்சு வாங்கும்."

போனை வைத்ததும் கிழவர் செம்பைக் கீழே வைத்தார். "எவ்வளவு அழுதான்?" என்று கேட்டார்.

"கொஞ்சம்."

"பரவால்ல, பாசக்காரப் பய. நீ ஒண்ணும் யோசிக்காத தாயி. இன்னைக்குப் பூரா நான் செத்தவனாவே இருந்துக்கறேன்." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிறகு போன் வரவில்லை. இரண்டு முறை வீட்டுக்காரர் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்துவிட்டுப் போனார். அவள் ஒவ்வொருவரிடமும் இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எதற்காகக் காத்திருந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. சீட்டு கிடைத்துவிட்டது என்று அம்மா இந்த வீட்டுக்குள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும் என்று இருந்தது. கேட்கவில்லை. மாமா வேனின் பின்பக்கக் கதவைத் திறந்து, உள்ளே இருந்த பெஞ்சுகளை எடுத்துவிட்டுப் பாய் விரித்தார். தூக்கி வைத்தார்கள். அவள் ஏறி அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

வேன் தெருமுனை திரும்பும்போது போன் அடித்தது.

"அக்கா! பேர் கூப்பிட்டாங்க! சேத்துக்கிட்டாங்க! அம்மாகிட்ட சொல்லு."

"சொல்றேன்டா."

"ஆனா ஒண்ணுக்கா. போன்ல பேசினதுக்காக நாளைக்கு மத்தியானம் வரைக்கும்தான் டைம் குடுத்திருக்காங்க. அதுக்குள்ள அம்மா நேர்ல வந்து கையெழுத்து போடணுமாம். இல்லன்னா சீட்ட அடுத்தவனுக்குக் குடுத்துடுவாங்க."

"நான் வந்து போடறேன்."

"அதையும் கேட்டுப் பாத்தேன்க்கா. என் பின்னாடி நின்ன பையனுக்கு அப்பாவும் இல்ல, அம்மாவும் இல்ல. அவங்க அக்கா வந்து போட்டாங்க, அப்பவே முடிஞ்சிடுச்சு. எங்க அக்காவும் போடலாமான்னு கேட்டேன். உனக்குத்தான் அம்மா இருக்காங்களே, நானே பேசினேனேங்கறார்."

வேன் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.

"அக்கா, கேக்குதா? மாமாவ வேன் எடுக்கச் சொல்லு. இப்பவே கிளம்பினா விடியறப்ப வந்துடலாம். ராத்திரி பூரா வரணும், அம்மாவ முன் சீட்டுலயே உக்கார வை. பின்னாடி வேணாம், தூக்கித் தூக்கிப் போடும், அவளுக்குத் தாங்காது. அக்கா?"

"கேக்குது."

போனைக் காதிலிருந்து எடுக்காமல், மற்றொரு கையை அம்மாவின் தலைக்குக் கீழே கொடுத்துக்கொண்டாள்.

"மாமா," என்றாள் முன்பக்கம் பார்த்து, "கொஞ்சம் மெதுவாப் போங்க."