கியோட்டோவில் வெறுங்காலோடு

காலையிலேயே என் கணவர் குழந்தைவேலு கறாராகச் சொல்லிவிட்டார். "பாப்பா திரும்பி வரேன்னா, நீ வேணாம்னுதான் சொல்லணும். இங்க வந்து என்னத்தப் பண்ணும்? நம்ம தாகேதாப் பேட்டையில பாதி வீட்டுப் புள்ளைங்க வெளிநாட்டுலதான் இருக்கு."

எங்கள் மகள் பவானி ஜப்பானில், கியோட்டோ நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். ஒப்பந்தத்தை நீட்டிப்பதா, ரங்கூனுக்கே திரும்புவதா என்று மறுநாள் அவள் சொல்லியாக வேண்டும். அன்று அவளுக்கு லீவு. வீடியோவில் ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன் என்றாள். முடிவைச் சொல்லத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து நான் போன் முன்னால் உட்கார்ந்தேன்.

முதலில் ஒரு கோயில். சிவப்பு வாசல், அதைத் தாண்டினால் இன்னொரு சிவப்பு வாசல். வாசலாகவே போய்க்கொண்டிருக்கிறது, சாமியைக் காணோம். நடுநடுவே கழுத்தில் சிவப்புத் துணி கட்டிய கல் நரிகள். நரியைப் போய் யாராவது கும்பிடுவார்களா? அவள் கும்பிட்டாள்.

"சாமி எங்கடி?"

"உள்ள இருக்காரும்மா. பார்க்கத்தான் முடியாது."

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

அப்புறம் படக்கதைகளுக்கென்றே ஒரு கட்டடம். தலை நரைத்த ஆட்களெல்லாம் உள்ளே மரத்தரையில் உட்கார்ந்து கார்ட்டூன் படிக்கிறார்கள். பிறகு ஒரு காபிக்கடை. பூனைக்காது மாட்டிய பெண் 'மியாவ்' என்று சொல்லிச் சோறு வைக்கிறாள். பவானியும் பதிலுக்கு மியாவ் என்றாள். என் பெண்தானா இது? சந்தோஷமாக இருக்கிறாளா, நடிக்கிறாளா? "நாளைக்கு என்ன சொல்லப்போற?" என்று போன இடத்திலெல்லாம் கேட்டேன். "இதப் பாருங்கம்மா" என்று போனைத் திருப்பிவிடுவாள்.

நடுவில் இங்கே எங்கள் வீட்டில் கரண்டு போய்விட்டது. பக்கத்தில் இருந்த என் கணவர் விசிறியை எடுத்து எனக்கும் சூடாகிப்போன போனுக்கும் சேர்த்து வீசினார்.

கடைசியாக ஒரு புத்தர் கோயில். பேசிக்கொண்டே வந்தவள் வெளிவாசலிலேயே பூட்ஸையும் காலுறையையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். ரங்கூனில் உள்ள பெரிய புத்தர் கோயிலான ஷ்வேடகோன் பயாவுக்கு நாங்கள் அப்படித்தான் போவோம் என்பதால் எனக்கு வித்தியாசமாகப் படவில்லை. ஆனால் காவலாளி ஒருவர் பதறி ஓடிவந்தார். குனிந்து குனிந்து ஏதோ சொல்லித் தரையைக் காட்டினார். சரளைக்கல், ஓரமெல்லாம் பனி. மற்றவர்கள் எல்லாருமே காலில் ஷூ போட்டிருந்தார்கள்.

"கோயில்ல செருப்பக் கழட்டினதுக்கா திட்டுறான்?"

"திட்டலம்மா. கால் விறைச்சுப் போகும், போட்டுக்கங்கன்னு சொல்றார். இங்க கட்டடத்துக்குள்ள போறப்பதான் கழட்டணும். எனக்குத் தெரியும். உங்ககூடப் பேசிட்டே வந்தேனா, பயாவுல நடக்கிறதா நினைச்சு..."

அந்த ஆள் எதிரிலேயே அழுதுவிட்டாள்.

"அம்மா, நான் வந்துடட்டுமா?"

என் கணவர் என் முழங்கையில் இடித்தார். காலையில் சொல்லிக் கொடுத்ததெல்லாம் தொண்டைவரை வந்தது.

"வா" என்றேன். எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

அவர் போனைப் பிடுங்கினார். போச்சு, மாற்றிச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அழுகிற அவள் முகத்தைப் பார்த்தார். அப்புறம் கரகரத்த குரலில் கேட்டார்:

"எப்ப வர்ற பாப்பா? அப்பா ஏர்போர்ட்டுல வந்து நிக்கிறேன்."