'ஸ்டேபிள்' என்று சொன்னார்கள்

பஸ் டிரைவருக்கு மூளையில் ரத்தக்குழாய் வெடித்து மூன்று நாளாகியிருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு வெளியே, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் மனைவி குடியேறிவிட்டாள் என்றே சொல்லலாம். தையல்காரி அவள். சும்மா இருந்து பழகாத கை, முந்தானை ஓரத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தது.

காலையில் டாக்டர், "ஸ்டேபிளா இருக்காரும்மா" என்று சொல்லிக்கொண்டே நடந்து போனார். அவளுக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. வெளியூரில் படிக்கும் மகளுக்கு உடனே போன் போட்டாள்.

"அப்பாவுக்குத் தேவலையாம்டி. பரீட்சையை விட்டுட்டு ஓடி வராதே."

கொழுந்தனாரை வீட்டுக்கு அனுப்பி, தொளதொளவென்று ஒரு சட்டை எடுத்துவரச் சொன்னாள்.

"அண்ணன் எழுந்ததும், நானே ஓட்டறேன்னு ஆம்புலன்ஸ் சாவியைத்தான் கேப்பாரு, பாருங்க அண்ணி" என்று அவர் சிரித்துக்கொண்டே போனார்.

மத்தியானம் சட்டையோடு உள்ளே போனாள். அவர் அதே குழாய்களோடு, அதே மூடிய கண்களோடு கிடந்தார்.

"எப்ப சிஸ்டர் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போலாம்?"

நர்ஸ் எழுதுவதை நிறுத்திவிட்டு, அவளை உட்கார வைத்தாள்.

"ஸ்டேபிள்னா குணமாயிட்டார்னு அர்த்தமில்லம்மா. ரத்த அழுத்தம், மூச்சு எல்லாம் ஏறி இறங்காம ஒரே மாதிரி நிக்குது. இன்னும் மோசமாகலை, அவ்வளவுதான். ஆபத்து நீங்கலை."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அதை அந்த மனுஷன் நின்னு சொல்லக் கூடாதா? எம்பொண்ணை வராதேன்னுட்டேனே!"

"சொல்லியிருக்கணும். தப்பு எங்க மேலதான். பொண்ணை வரச் சொல்லுங்கம்மா. நாளைக்கு டாக்டர் வந்தா, நேத்தைக்கு இன்னிக்கு என்ன மாறியிருக்குன்னு கேளுங்க."

மகளுக்கு மறுபடி போன் போட்டு, "நான்தான் தப்பா புரிஞ்சுக்கிட்டேன். கெளம்பி வா கண்ணு" என்றாள்.

மகள் அழவில்லை. "நீ சாப்பிட்டியாம்மா?" என்றுதான் கேட்டாள். அதைக் கேட்டதும் இவள் உடைந்துபோனாள்.

மறுநாள் டாக்டரை வழிமறித்துக் கேட்டாள். அவர் நின்றார். "கிள்ளினா இடது கையை இழுத்துக்கறார். நேத்து அதுவுமில்லை" என்று நிதானமாக விளக்கினார். அன்று மாலை மகளும் வந்து சேர்ந்தாள்.

ஆறாம் நாள் அவர் கண் திறந்தார். பதினோராம் நாள் வார்டுக்கு மாற்றினார்கள். வலது கை இன்னும் வரவில்லை. மறுபடி பஸ் ஓட்டுவாரா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஆனால் கரண்டியால் அவசர அவசரமாகத் தண்ணீர் ஊட்டிய மகளிடம், குழறுகிற நாக்கோடு, "மெதுவா" என்றார். அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.