தானாகத் திறக்காத கதவு

அந்த லிஃப்ட்காரனை லாக்கப்பில் தள்ளிப் பூட்டியபோது பூட்டு வழக்கம்போலத் திறந்துகொண்டது. அவன் தெருக்காரர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. பிறந்ததிலிருந்தே அப்படித்தான். அவன் கிட்டே போனால் பூட்டு விட்டுக்கொடுக்கும், தாழ்ப்பாள் விலகும், கதவு வழிவிடும். அதனால் அந்தத் தெருவில் யாரும் நிம்மதியாகக் குளித்ததில்லை. புதிதாகக் கல்யாணமானவர்கள் அலமாரியை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுப் படுத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள், "உனக்கு வழி திறக்குது, எங்களுக்கு மானம் போகுதுப்பா" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அன்றிலிருந்து அவன் தெருவின் நட்டநடுவில் நடந்தான், வண்டிக்காரர்களிடம் திட்டு வாங்கினான். மனுஷன் தங்கம்தான். ஆனால் ஆயுசில் ஒரு கதவைக்கூட அவன் தட்டியது கிடையாது, தட்ட வேண்டிய தேவையே வந்ததில்லை.

கைதுக்குக் காரணம் இது. அவன் வேலை பார்த்த கட்டடத்தின் மூன்றாவது மாடியில், பார்சல் கொண்டுவருகிற ஒருவர் பெட்டிகளைக் கண் மறைக்கும் உயரத்துக்கு அடுக்கிச் சுமந்தபடி லிஃப்டுக்குள் காலை வைத்தார். கதவு திறந்திருந்தது, லிஃப்ட் அங்கே இல்லை, அது தரைத்தளத்தில் நின்றது. ஓடி வந்தவர்கள் பள்ளத்தை எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். லிஃப்ட்காரன் சுவரைப் பிடித்துக்கொண்டு, "தானா திறந்துடுச்சு" என்றான். நம் பேச்சில் இப்படி ஒரு வசதி இருக்கிறது. டம்ளர் உடைந்துவிடும், சாவி தொலைந்துவிடும், சட்டை கிழிந்துவிடும். உடைத்தவரும் தொலைத்தவரும் வாக்கியத்துக்குள் தலையே காட்ட மாட்டார்கள். வேறு யார் சொல்லியிருந்தாலும் "அதெப்படித் தானா திறக்கும்?" என்று உலுக்கியிருப்பார்கள். அவன் சொன்னதால் எல்லோரும் தலையாட்டினார்கள். கட்டட மேனேஜர் மட்டும், செத்தவர் பார்த்துக் காலை வைத்திருக்க வேண்டாமா என்று போலீசில் சொல்லி வைத்தார்.

திண்டாடிப் போனவர் இன்ஸ்பெக்டர்தான். கூட அடைத்திருந்த பிக்பாக்கெட்காரன் திறந்த கதவு வழியாக டாட்டா காட்டிவிட்டுப் போய்விட்டான். கைவிலங்கு மாட்டினால் அதுவும் கழன்று விழுந்தது. பூட்டே இல்லாத ஒரு வளையத்தை அவன் காலில் பற்றவைத்துச் சுவரோடு பிணைக்க இன்ஸ்பெக்டர் அனுமதி கேட்டார். மாஜிஸ்திரேட் அம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"இவர் ஓடினாரா?"

"இல்லீங்கம்மா. ஆனா ஓடலாமே."

"ஓடலாம்னு பார்த்தா உங்களையும்தான் கட்டிப்போடணும்."

பூட்டு நிற்காதது அவன் குற்றமில்லை என்றும், தீர்ப்பு வரும்வரை அவன் காலில் இரும்பு ஏறக் கூடாது என்றும் உத்தரவானது. இன்ஸ்பெக்டர் முணுமுணுத்துக்கொண்டே லாக்கப் வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். உள்ளே இவன், வெளியே அவர், நடுவில் ஆவென்று திறந்த கதவு. வழக்கு முடிகிறவரைக்கும் இரண்டு பேருக்கும் சரியான தூக்கமில்லை.

அவன் மனைவி தினமும் வந்து காதோரம் சொன்னாள். "கதவு திறந்துதானே கெடக்கு? அவரு தண்ணி குடிக்கப் போறப்போ எந்திரிச்சு வாங்க. எங்கயாவது போய்ப் பொழச்சுக்கலாம்."

"எங்க போனாலும் திறக்கும். அதான் பயமா இருக்கு" என்றான் அவன்.

அவள் கையை உதறிவிட்டுப் போனாள். அவளுக்குக் கோபம் வந்ததில் நியாயம் உண்டு, ஏனென்றால் அவளிடமும் அவன் சொல்லாத ஒன்று இருந்தது. உலகத்திலேயே அவனுக்குத் தானாகத் திறக்காத கதவு லிஃப்ட் கதவு ஒன்றுதான். லிஃப்ட் வந்து நின்றால் ஒழிய அது யாருக்கும் திறக்காது, அவனுக்கும் திறக்கவில்லை. வேலை கேட்டுப் போன அன்று, மூடியது மூடியபடியே நின்ற அந்தக் கதவின் முன்னால் நின்று அவன் சந்தோஷத்தில் அழுதான். எல்லோரையும் போல அவனையும் காத்திருக்கச் சொன்ன முதல் கதவு அது. அதைத்தான் அவன் தன் கையால் திறந்தான். லிஃப்டில் யாராவது மாட்டிக்கொண்டால் திறக்கவென்று கொடுத்திருந்த முக்கோணச் சாவியை, அவசரத்துக்கெல்லாம் போட்டுப் பழகியிருந்தான். அன்று டீ குடித்துவிட்டு வந்து, விட்ட இடத்திலேயே லிஃப்ட் நிற்கும் என்ற நினைப்பில் சாவியைத் திருப்பினான். அதற்குள் கீழே யாரோ பட்டனை அழுத்தியிருந்தார்கள். அவன் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. பின்னால் நின்ற யாரிடமோ கிண்டல் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

கோர்ட்டுக்கு அவனைக் கொண்டுவந்த அன்று வாசல் கதவு திறந்தது, சாட்சிப் பொருள் அலமாரி திறந்தது, மாஜிஸ்திரேட்டின் மேஜை இழுப்பறை திறந்து ஒரு மிட்டாய்ப் பொட்டலம் எட்டிப் பார்த்தது. அவன் வக்கீலுக்கு வாயெல்லாம் பல். இதைவிட என்ன நிரூபணம் வேண்டும்? தானாகத் திறந்த கதவுக்கு யாரை உள்ளே போடுவது? அப்போது செத்தவரின் மனைவி எழுந்தாள். தையல்காரி, கழுத்தில் அளவு நாடாவைக்கூடக் கழற்ற மறந்து வந்திருந்தாள்.

"எங்க வீட்டுக்காரர் பார்க்காம போய் விழுந்தாருன்னு எழுதி வச்சிருக்காங்க. அவரு அப்படிப்பட்ட ஆளு இல்ல. நீ பக்கத்துல நின்னியே, நீ சொல்லு. அவரா போய்த்தான் விழுந்தாரா?"

மாஜிஸ்திரேட் அவளை உட்காரச் சொன்னார். பிறகு அவனிடம், "இதுக்கு நீங்க பதில் சொல்லணும்னு கட்டாயம் இல்ல. சும்மா இருக்கிறது உங்க உரிமை. சொன்னா அது உங்களுக்கு எதிராவே திரும்பலாம்" என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னார். வக்கீல் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். அவன் மனைவி வேண்டாம் என்று தலையாட்டினாள். கோர்ட்டின் அத்தனை கதவுகளும் திறந்திருந்தன, தெரு தெரிந்தது, தெருவில் வெயில் தெரிந்தது.

"நான்தான் திறந்தேன்" என்றான். "சாவி போட்டுத் திறந்தேன். உள்ள பார்க்கல. ஏறுங்கன்னும் நான்தான் சொன்னேன். என்னை நம்பித்தான் அவர் கால வச்சார்."

தையல்காரி அளவு நாடாவை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அவன் மனைவி வெளியே போய்விட்டாள். மூன்று வருஷம் தண்டனை விழுந்தது. சிறையிலும் கதவு நிற்கவில்லை, நிற்கும் என்று யாரும் எதிர்பார்க்கவுமில்லை. அவனுக்குத் தனி அறை கொடுத்தார்கள். அவன் திறந்த கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து கூடை முடைந்தான். முதல் வருஷம் காவலுக்கு ஆள் நின்றது, அப்புறம் அந்த ஆளைச் சமையல்கட்டுக்கு மாற்றிவிட்டார்கள். மனைவி இரண்டாவது வருஷம் பார்க்க வந்தாள், அதற்குப் பிறகு நிறுத்தவில்லை.

விடுதலையான அன்று அவன் வீட்டுக்குப் போகாமல் தையல்காரி வீட்டுக்குப் போனான். கதவு முன்னால் போய் நின்றான். அது திறக்கவில்லை. உள்ளே மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. கொஞ்சம் நெருங்கி நின்று பார்த்தான், அப்போதும் திறக்கவில்லை. கையைத் தூக்கினான். எவ்வளவு பலமாகத் தட்ட வேண்டும் என்று தெரியவில்லை. முதலில் தட்டியது அவனுக்கே கேட்கவில்லை, அடுத்தது இடி மாதிரி விழுந்தது. மெஷின் நின்றது.

"யாரு?"

"லிஃப்ட்காரன்மா."

போய்விடலாமா என்று நினைத்தான், ஆனால் கால் வரவில்லை. பிறகு தாழ்ப்பாள் விலகியது. கதவு தானாகத் திறக்கவில்லை, அவள் திறந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

மற்ற கதவுகள் இன்றைக்கும் அவனுக்குத் தானாகத்தான் திறக்கின்றன. அவன், அப்படித் திறந்துகொண்ட கதவைப் பிடித்து இழுத்துச் சாத்தி, அதன் மேலேயே இரண்டு தட்டுத் தட்டி, வரலாமா என்று கேட்டுவிட்டு வாசலில் நிற்கிறான். தெருக்காரர்கள் இப்போது நிம்மதியாகக் குளிக்கிறார்கள்.