கிழிக்கத் தெரியாத கொழு

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, விதைக்கிற கலப்பைக்குப் புதுக் கொழு மாட்டிய ஒரு பெண்ணைப் பற்றி எழுதப்போகிறேன் என்று சிநேகிதன் ஒருவனிடம் சொன்னேன். அவன் கிளாஸைக் கீழே வைக்காமலேயே, "அது பட்டறை சமாச்சாரம்பா, அதுல கதை எங்க இருக்குது?" என்றான். காதல் உண்டா என்றான். இல்லை. யாராவது சாகிறார்களா என்றான். இல்லை. இரும்பு இருக்கிறது, தோல் இருக்கிறது, ஆற்றோரம் ஒரு மேட்டுக் கொல்லை இருக்கிறது. போதாதா?

போதும் என்று காட்டத்தான் எழுதுகிறேன். போதாது என்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். வண்டி இன்னும் ஸ்டாண்டை விட்டுக் கிளம்பவில்லை.

2

முதல் ஆரம்பம்: "பாலாற்றங்கரையில் அந்திச் சூரியன் செந்நிறமாய்—"

வேண்டாம். அங்கே அப்போது சிவப்பாக ஓடிக்கொண்டிருந்தது தோல் பதனிடுகிற டேனரிகளின் கழிவுத் தண்ணீர். சூரியனுக்கு அந்தப் பெருமையை ஏன் தர வேண்டும்?

இரண்டாவது ஆரம்பம்: "மனோரமா பொறுமைசாலி. அவள் யாரையும் எதிர்த்து—"

பொறுமைசாலியாக இருந்திருந்தால் கதையே நடந்திருக்காது. அடுத்தது.

மூன்றாவது: எண்பத்து மூன்றாம் வருஷம் ஆடி மாதம், மனோரமா தன் புருஷனுடைய அண்ணனிடம் ஒரு பந்தயம் கட்டினாள்.

இது நிற்கும். புருஷன் செங்கல்வராயன் ஆம்பூரில் ஒரு டேனரியில் ஷிப்ட் வேலை பார்த்தான். அண்ணன் ஆதிகேசவன் ஊரில் விவசாயம். ஆற்றோரத்து மேட்டு நிலமான அந்தக் கொல்லை இருவருக்கும் பொது, பாகம் பிரிக்காதது. சாயத் தண்ணீர் இறங்கிய கிணற்றிலிருந்து பாய்ச்சிப் பாய்ச்சி, மண்ணின் மேல் தோசைக்கல் மாதிரி ஓடு கட்டிப்போயிருந்தது. கிணற்றைக் கைவிட்டு மழையை நம்பி வேர்க்கடலை, அந்தப் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை, போட்டார்கள். ஏர் முன்னால் போக, பெண்கள் பின்னாலேயே குனிந்து ஒவ்வொரு கொட்டையாகப் போட்டு வருவார்கள். அவர்கள் முடிப்பதற்குள் ஈரம் காய்ந்து ஓடு மறுபடி மூடிக்கொள்ளும். இரண்டு விதைப்புப் பட்டம் அப்படியே போயிற்று.

ஒரு டேனரிக்காரர் தோல் காயவைக்க இடம் தேடுகிறார் என்று புரோக்கர் வந்தான். ஆதிகேசவன் விற்றுவிடலாம் என்றார். தம்பியின் கையெழுத்துதான் பாக்கி. வீட்டில் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது மனோரமா சொன்னாள்:

"இந்தப் பட்டம் மட்டும் என் கையில குடுங்க மாமா. மொளைக்கலன்னா அவரு கையெழுத்து போடுவாரு. பேனாவ நானே எடுத்துக் குடுக்கறேன்."

3

ஆதிகேசவன் விஷயத்தில் எனக்கு ஒரு பேஜார். முதல் பிரதியில் அவரை வில்லனாக எழுதியிருந்தேன். பெரிய மீசை வைத்தேன். புரோக்கர் சொன்னதற்கெல்லாம் சிரிக்கவைத்தேன். மறுநாள் படித்துப் பார்த்தால் மீசை மட்டும்தான் நின்றது, ஆளைக் காணவில்லை.

மீசையை எடுத்துவிட்டேன். அவர் அந்தக் கிணற்றுக்குள் இறங்கித் தானே கடப்பாரை போட்டவர். தண்ணீர் காவி நிறமான அன்று யாரிடமும் சொல்லாமல் ஒரு வாய் குடித்துப் பார்த்தவர். "எருமை மூந்து பாத்துட்டு தலைய திருப்பிக்குது மா. மாட்டுக்குப் புரிஞ்சது உனக்குப் புரியலயா?" என்று மனோரமாவிடம் கேட்டார். இதைப் பேராசைக்காரன் கேட்க மாட்டான். களைத்துப்போனவன் கேட்பான்.

(களைத்துப்போனவர் சொல்வதால் அது சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. மனோரமாவும் சொல்லவில்லை.)

4

மாட்டுக் கொட்டகையின் மூலையில், விவசாய டிப்போவிலிருந்து எப்போதோ வந்த விதைக் கலப்பை கிடந்தது. மேலே ஒரு கிண்ணம். அதிலிருந்து மூன்று தகரக் குழாய்கள். ஒவ்வொரு குழாய்க்கும் முன்னால் மண்ணைப் பிளக்க ஒரு கொழு. கிண்ணத்தில் விதையைப் போட்டுக்கொண்டே மாட்டை ஓட்டினால், கோடு போடுவதும் விதைப்பதும் ஒரே நடையில் முடியும். ஈரம் காய்வதற்குள் கொல்லையை விதைத்து முடிக்க அது ஒன்றுதான் வழி. ஆனால் அதன் கொழுக்கள் வாத்து மூக்கு மாதிரி அகலம். ஏதோ பொலபொலவென்ற மண்ணுக்குச் செய்தவை. இந்த ஓட்டின் மேல் சறுக்கிக்கொண்டு போயின.

மனோரமா அதை மாட்டு வண்டியில் ஏற்றி ஆம்பூருக்குக் கொண்டுபோனாள். அவளோடு பள்ளிக்கூடத்தில் படித்த ஜஹீருன்னிசாவின் அண்ணன் ஷபீ அஹமது, டேனரி மெஷின்களைப் பழுது பார்க்கிற பட்டறை வைத்திருந்தார். தோலின் உள்பக்கத்துச் சதையைச் சீவுகிற மெஷினின் கத்திகளைத் தீட்டுவதில் அவருக்கு ஊரில் பெயர். லாரியின் ஸ்பிரிங் பட்டையை வெட்டி மூன்று கொழு அடித்துக் கொடுத்தார். பார்க்க லட்சணமாக இருந்தன. தன் வேலையைப் பார்க்க வேண்டும் என்று அவரே கொல்லைக்கு வந்தார்.

மாடு நடந்தது. கொழு மண்ணைத் தடவிக்கொண்டு போனது. மேலே மாவு மாதிரி பொடி பறந்தது. ஓடு அப்படியே இருந்தது.

ஷபீ அஹமது உட்கார்ந்து கொழுவைத் தொட்டுப் பார்த்தார். மனோரமா அவருக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டாள். கத்தி பின்னால் சாய்ந்திருக்க வேண்டும், சீவ வேண்டும், கடிக்கக் கூடாது என்பது அவர் தொழில். தோல் ஓரிடத்தில் கிழிந்தால் சரக்குக்கு மதிப்பு போய்விடும். அதே சாய்வை அந்தக் கை கொழுவுக்கும் வைத்துவிட்டது. நிலத்துக்கு ஒரு கீறலும் படாதபடி கொழு அடித்திருந்தார் மனுஷன்.

"பாய், இது ஆட்டுத் தோலு இல்ல. கிழிஞ்சா யாரும் கிரேடு கொறைக்க மாட்டாங்க. கிழிக்கத்தான் வேணும்."

"கை வர மாட்டேங்குது மா. கிழியக் கூடாது, கிழியக் கூடாதுன்னே பழகிடுச்சு."

"அப்ப கைய கொஞ்சம் கெடுத்துக்குங்க."

அவள் குச்சியால் தரையில் வரைந்தாள். வாத்து மூக்கு வேண்டாம், கொக்கு மூக்கு வேண்டும். முனை முன்னால் நீட்டி, மெலிசாக. முதல் கல்லிலேயே உடையும் என்றார் அவர். முதுகைத் தடியாக வையுங்கள் என்றாள் அவள். இரண்டு பேரும் வெயிலில் நின்று சண்டை போட்டார்கள். அந்தச் சண்டை முழுவதையும் எழுதிப் பார்த்தேன். அது ஒரு தனிக் கதை கேட்கிறது, விட்டுவிட்டேன். கடைசியில் மெலிந்த மூக்கும் தடித்த முதுகுமாக மூன்று கொழுக்கள் வந்தன. மண் அப்பளம் மாதிரி நொறுங்கியது.*

* கொழுவின் அகலம் என்ன, சாய்வு எவ்வளவு என்று கேட்கிறவர்கள் இருப்பார்கள். சொல்ல மாட்டேன். உங்கள் மண்ணை நீங்கள் போய்க் குத்திப் பாருங்கள்.

5

கொழு சரியாகிவிட்டது, குழாய் சரியில்லை. தகரத்தின் விளிம்பில் உரசி வேர்க்கடலைப் பருப்பின் சிவப்புத் தோல் உரிந்தது. தோல் உரிந்த பருப்பு மண்ணில் முளைக்காது, அழுகும்.

வீட்டில் உட்கார்ந்து ஷூ கம்பெனிக்கு மேல்தோல் தைத்துக்கொண்டிருந்தாள் ஜஹீருன்னிசா. மனோரமாவுக்கு அங்கேதான் யோசனை வந்தது. செங்கல்வராயனிடம் சொன்னாள். அவன் ஆகட்டும் என்றும் சொல்லவில்லை, ஆகாது என்றும் சொல்லவில்லை. மறுநாள் ஷிப்ட் முடிந்து வரும்போது சாப்பாட்டுத் தூக்கில் கழிவுத் தோல் துண்டுகளைச் சுருட்டிக் கொண்டுவந்தான். (அண்ணனுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவன் பேசுகிற பேச்சு அவ்வளவுதான். அவனுக்கு வசனம் எழுத நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.)

"பூட்ஸு தெச்சேன், பர்ஸு தெச்சேன்," என்றாள் ஜஹீருன்னிசா. "இப்ப மல்லாட்டைக்கு குர்தா தெக்கச் சொல்றியா?"

"கை மட்டும் தெச்சாப் போதும். கொஞ்சம் லூஸா வை."

வழவழப்பான பக்கம் உள்ளே வரும்படி மூன்று தோல் குழாய்கள். பருப்பு ஒரு கீறல் இல்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கியது.

6

மழை பெய்தது. விடிந்ததும் மாடு பூட்டினார்கள். செங்கல்வராயன் லீவு போட்டுக் கலப்பையைப் பிடித்தான்.

அங்கே ஒரு வழக்கம். வீட்டுக்கு மூத்தவர் கையால்தான் முதல் விதை விழ வேண்டும். பந்தயம் பந்தயமாக இருக்கட்டும் என்று ஆதிகேசவனும் முறத்தில் விதையோடு வந்தார். கிண்ணத்துக்கு மேல் கையைக் கொண்டுபோனவர் குழாய்களைப் பார்த்தார். கை நின்றது.

"இன்னா இது?"

"குழாய் மாமா."

"தோலா? விதை மேல தோல் படறதா? ஒரு வீட்ல பண்ற காரியமா இது?"

மனோரமா பாழ்கிணற்றைக் கையால் காட்டினாள். பம்ப் செட் வருவதற்கு முன் அதில் மாடு கட்டிக் கவலை ஏற்றத்தில் தண்ணீர் இறைத்தவர் ஆதிகேசவன்.

"அதுல கவலை எறச்சீங்களே மாமா, தண்ணி மொண்ட சாலுக்கு அடியில தொங்குன குழாய் எதுல செஞ்சது? தோல்லதான். அதுல வந்த தண்ணியிலதான பயிரு வெச்சீங்க? அந்தத் தண்ணியிலதான சாமிக்குப் பொங்கல் வெச்சோம்?"

ஆதிகேசவன் வெட்கத்தோடு தலை—

இல்லை. வெட்கப்படவில்லை. "அது தண்ணி, இது விதை," என்று மட்டும் சொன்னார். முறத்தை வரப்பில் வைத்துவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டார். வேண்டாம் என்று தடுக்கவில்லை, தொடங்கியும் வைக்கவில்லை. தொடங்காத விதைப்பு தானாகவே நின்றுபோகும் என்று அவருக்குத் தெரியும். வானம் வெளுத்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் விட்டால் ஓடு கட்ட ஆரம்பிக்கும்.

மனோரமா சேலையை இழுத்துச் செருகினாள். முறத்திலிருந்து இரண்டு கையாலும் விதையை அள்ளிக் கிண்ணத்தில் போட்டாள்.

"குத்தம் வந்தா என் தலை மேல வரட்டும். ஓட்டுங்க."

செங்கல்வராயன் அண்ணனைப் பார்த்தான். பிறகு மாடுகளைப் பார்த்து நாக்கைத் தட்டினான். கலப்பை நகர்ந்தது.

7

முடிவுகள் இரண்டு எழுதி வைத்திருந்தேன்.

ஒன்று: மூன்று மூன்று வரிசையாக, சீப்பால் வாரின மாதிரி முளைத்துவிட்டது. ஆதிகேசவன் வந்து கண் கலங்க— அழகாகத்தான் இருந்தது. அதனாலேயே அடித்துவிட்டேன். முளைத்ததால் அவள் செய்தது சரி என்று ஆகிவிடுகிறது. முளைக்காவிட்டாலும் அவள் செய்தது சரிதான்.

இரண்டு: முளைக்கவில்லை. பேனாவை எடுத்துக் கொடுத்தாள். இதைப் பிடிக்கும் என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். தோற்றுப்போன பெண்ணுக்காக அழ எல்லோருக்கும் நேரம் கிடைக்கிறது. அவர்களுக்கு இந்தக் கதையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீரும் கிடையாது.

என்னால் எழுத முடிந்தது இதுதான்:

முளை வெளியே வர இன்னும் நாள் இருந்தது. டேனரிக்காரர் வேறு இடம் பார்க்கிறார், ஜல்தியாக முடிக்க வேண்டும் என்று புரோக்கர் அவசரப்படுத்தினான். அளந்தாவது வைக்கலாம் என்று ஆதிகேசவன் அவனைக் கூட்டிக்கொண்டு வந்தார். புரோக்கர் கையில் அளக்கிற டேப். மனோரமா வரப்பின் மேல் நின்றிருந்தாள்.

"அளந்துட்டுப் போய்டறோம் மா," என்றார் ஆதிகேசவன்.

"விதைச்ச நெலம் மாமா. மொளை வராம உள்ள கால் வெக்கக் கூடாது. எங்க எல்லாரையும் இதுக்குத்தான திட்டிக்கினு இருந்தீங்க?"

உண்மைதான். விதைத்த கொல்லையில் ஒரு கன்றுக்குட்டி இறங்கினால்கூட ஊரே கேட்கிற மாதிரி கத்துகிறவர் அவர்.

"மொளைக்குமான்னே தெரியாது," என்றார்.

"தெரியற வரைக்கும் அது விதைச்ச நெலம்தான்."

ஆதிகேசவன் குனிந்து மண்ணைப் பார்த்தார். கோடுகள் தெரிந்தன, வேறு ஒன்றும் தெரியவில்லை. அவர் கால் வரப்பிலேயே இருந்தது.

டேப்பின் ஒரு முனையைப் புரோக்கர் பிடித்திருக்கிறான். இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நடக்க ஒரு ஆள் வேண்டும். ஆதிகேசவன் கை நீட்டவில்லை. நானும் நீட்ட மாட்டேன். வரப்பில் மிச்சம் நிற்பது நீங்கள் ஒருவர்தான்.

புரோக்கர் டேப்பை உங்கள் பக்கம் நீட்டுகிறான். மனோரமா உங்கள் காலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.