ஐம்பத்தெட்டும் நாற்பத்துநாலும்

ஒரே கோடையில் எனக்கு இரண்டு வில் வந்து சேர்ந்தது. இரண்டும் எனக்கென்றே அளவெடுத்துச் செய்தவை. ஒன்றைச் செய்தவர் கன்னர். மற்றதைச் செய்தவள் தெல்மா. ஆறு வருஷத்துக்கு முன்புவரை அவர்கள் ஒரே வீட்டில், ஒரே பட்டறையில் வேலை செய்த கணவன் மனைவி. பிரிந்தபோது மரப்பட்டைகளை ஒட்டி வளைக்கும் அச்சுகளை அவள் எடுத்துக்கொண்டாள். மரத்தைத் தேய்த்து இழைக்கும் பெரிய உப்புத்தாள் இயந்திரம் அவரிடம் நின்றது. அதற்குப் பிறகு அவள் இயந்திரத்துக்கு அலைந்தாள், அவர் புது அச்சு செய்ய ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்தார். இப்போது ஆற்றின் இந்தக் கரையில் ஒரு பட்டறை, அந்தக் கரையில் ஒரு பட்டறை. பிட்டர்ரூட் பள்ளத்தாக்கில் நெடுவில் பிடிக்கிற எவனும் ஒன்று கன்னர் ஆள், இல்லை தெல்மா ஆள். நான் இருபது வருஷமாக கன்னர் ஆள்.

வம்பு என் தோளில் ஆரம்பித்தது. குதிரைகளுக்கு லாடம் அடிப்பது என் தொழில். போன நவம்பரில் ஒரு பெட்டைக் குதிரை மிரண்டு பின்னங்காலை உதறியபோது நான் பிடியை விடவில்லை. விட்டிருக்க வேண்டும். வலது தோளில் தசை கிழிந்து, டிசம்பரில் அறுவை சிகிச்சை நடந்தது. தையல் பிரித்த அன்று டாக்டர், "வில்லு பிடிப்பீங்கன்னு உங்க மனைவி சொன்னாங்க. நாற்பத்தஞ்சு பவுண்டுக்கு மேல இழுக்காதீங்க. இந்த வருஷம் மட்டும் இல்ல, இனிமே எப்பவும்," என்றார். நாணை வாயோரம் வரை இழுக்கும்போது விரல்களில் ஏறுகிற கனத்தைத்தான் பவுண்டில் சொல்வோம். என் பழைய வில் அறுபது.

பனி உருகத் தொடங்கிய மார்ச்சில் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ஒரு சனிக்கிழமை கன்னரின் பட்டறைக்குப் போய் நின்றேன். புது வில் வேண்டும் என்றேன். என் பழைய வில்லில் விரிசல் என்று ஒரு காரணமும் சொன்னேன்.

"எத்தனை போடட்டும்? வழக்கம்போல அறுபதா?" என்று கேட்டார் கன்னர்.

"ஐம்பத்தெட்டு போதும்."

"என்னடா, கிழவனாயிட்டியா?"

"ரெண்டு பவுண்டு குறைச்சதுக்கே இந்தப் பேச்சா?"

அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். நாற்பத்துநாலு என்று சொல்லத்தான் வீட்டிலிருந்து கிளம்பியிருந்தேன். தாடியில் மரத்தூளோடு நின்ற அந்த மனுஷனின் முகத்தைப் பார்த்ததும் வாயிலிருந்து வேறு எண் விழுந்துவிட்டது. தோளைப் பற்றி மூச்சு விடவில்லை.

மே மாதம் ஒருநாள் பழைய வில்லை எடுத்து இழுத்துப் பார்த்தேன். பாதி தூரம் வந்தது. அதற்குமேல் தோளுக்குள் யாரோ கொக்கி போட்டு இழுப்பதுபோல இருந்தது. வில்லை மாட்டிவிட்டு வண்டியை எடுத்தேன். பாலத்தைத் தாண்டும்போதுதான் எங்கே போகிறேன் என்று எனக்கே தெரிந்தது.

தெல்மா என்னைப் பார்த்து ஆச்சரியப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. தோளில் நடந்த அறுவை சிகிச்சையைச் சொன்னதும், கையைத் தலைக்குமேல் தூக்கச் சொன்னாள். தூக்கினேன், காதுக்குமேல் போகவில்லை.

"டாக்டர் எத்தனைன்னு சொன்னாரு?"

"நாற்பத்தஞ்சு."

"அப்போ நாற்பத்துநாலு. நீ இங்க வந்தது அவருக்குத் தெரியுமா, ராய்ஸ்?"

"இன்னும் சொல்லல."

"என் வில்லுல ஆளோட பேரும் பவுண்டும் எழுதாம வெளிய விடமாட்டேன். அப்புறம் என்கிட்ட வந்து மூக்கால அழாத."

ஆகஸ்டில், ஒரே வாரத்தில், வில் தயார் என்று இருவரும் கூப்பிட்டார்கள்.

கன்னரின் வில் கண்ணைப் பறிக்கும். உள்ளே மூங்கில், முகத்தில் சிவந்த யூ மரம், பிடியில் மான்தோல் சுற்று. நாண் ஏற்றும்போதே அது எதிர்த்து நின்றது. தெல்மாவின் வில் சாம்பல் நிற எல்ம் மரம். கையில் இருப்பதே தெரியாது. அம்பு போகும்போது ஒரு சின்ன முனகல்கூட இல்லை. முதல் நாளே ஐந்து அம்பும் ஒரு கையகலத்துக்குள் போய்க் குத்தின. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. குழந்தைகள் விளையாடும் வில்லைப் பிடித்ததுபோல வெட்கமாக இருந்தது. உடனே மற்றதை எடுத்தேன். எட்டு அம்பு நன்றாகப் போனது. ஒன்பதாவதில் கை நடுங்கியது. பத்தாவது அம்பு இலக்கைத் தாண்டிப் புல்லில் காணாமல் போனது.

அடுத்த மூன்று வாரமும் எனக்கு நிலைகொள்ளவில்லை. ஐம்பத்தெட்டுக்கு விறைப்பான அம்பு வேண்டும், நாற்பத்துநாலுக்கு இளக்கமான அம்பு. இரண்டு வகையும் செய்து, இரண்டு வில்லையும் வண்டியிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். குதிரைக் கொட்டில்களில் ஒரு காலுக்கு லாடம் அடித்துவிட்டு, அடுத்த காலுக்குப் போகும்முன் வைக்கோல் கட்டில் இரண்டு அம்பு விடுவேன். காலையில் இது என்று முடிவெடுத்தால் சாயங்காலம் அதைத் தேடி கை போகும்.

என் மனைவி மார்லிஸ் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். "ரெண்டு பொண்டாட்டி கட்டினவன் மாதிரி அலையுற," என்றாள் ஒருநாள். "ஒருத்தி அழகி, கைய முறுக்குறா. இன்னொருத்தி ஒழுங்கா சோறு போடுறா, அவளைப் பார்த்தா உனக்கு மானம் போகுது."

"எல்க் பெரிய மிருகம், மார்லிஸ்." செப்டம்பரில் நாங்கள் வேட்டைக்குப் போவது அதற்குத்தான், குதிரை உயரத்துக்கு நிற்கும் மான் வகை.

"நீதான் சின்ன மிருகம். டாக்டர் சொன்னப்போ நானும் அங்க இருந்தேன், ஞாபகம் இருக்கா?"

ஆகஸ்ட் கடைசி ஞாயிறு, ஏரிக்கரையில் வில்லாளிகள் கூடுவோம். ரப்பர் மிருகங்களை மரங்களுக்கிடையே நிறுத்தி வைத்து எய்வது, பிறகு பீன்ஸும் மான்கறியும் சாப்பிடுவது. கன்னரும் வருவார், தெல்மாவும் வருவாள். இரண்டு மேஜை தள்ளி உட்காருவார்கள். நான் கன்னரின் வில்லோடு போனேன். தெல்மாவின் வில்லை வண்டி இருக்கைக்குப் பின்னால் போர்வையில் சுற்றி வைத்திருந்தேன்.

ஆறாவது இலக்கில் நின்றபோது எனக்குப் பின்னால் கைதட்டல் கேட்டது. திரும்பினேன். மார்லிஸ் தெல்மாவின் வில்லைக் கையில் வைத்துக்கொண்டு, ரப்பர் கரடியின் நெஞ்சில் அம்பைச் செருகியிருந்தாள். அவள் வேண்டுமென்றே செய்தாளா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. கன்னர் பக்கத்தில் நின்றிருந்தார். வில்லை வாங்கி, கண்ணாடியை மூக்கில் இறக்கி, பிடிக்குக் கீழே உள்ள கீழ்க்கையில் மையால் எழுதியிருந்ததைப் படித்தார். தெல்மாவின் கையெழுத்து அவருக்குத் தெரியாதா?

"ராய்ஸுக்கு. நாற்பத்துநாலு," என்று சத்தமாக வாசித்தார். என்னிடம் வந்தார். "என்கிட்ட ஐம்பத்தெட்டு கேட்ட. அவகிட்ட நாற்பத்துநாலு கேட்டிருக்க. யாருகிட்டடா பொய் சொன்ன?"

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின் மேஜையில் தெல்மா ரொட்டியைப் பிய்த்தபடி எங்களைப் பார்க்காமல் இருந்தாள்.

"ரெண்டும் எனக்கு வேணும்," என்றேன்.

"நான் அதைக் கேக்கல," என்றார் கன்னர். வில்லை மார்லிஸிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். ஆனால் அவ்வளவு பேர் முன்னால் கேட்டது எனக்குள் குத்திக்கொண்டே இருந்தது. செப்டம்பர் முதல் வாரம் வேட்டைப் பருவம் திறந்தபோது, ஐம்பத்தெட்டைத்தான் எடுத்தேன். மார்லிஸ் வண்டியில் ஏறி உட்கார்ந்து அதைப் பார்த்தாள். கதவை ஓங்கிச் சாத்தினாள்.

நான்காம் நாள் காலை, ஒரு ஓடை தொடங்குமிடத்தில், மார்லிஸ் எனக்குப் பின்னால் முப்பது அடி தள்ளி மறைந்து பெண் எல்க் மாதிரிக் குரல் கொடுத்தாள். மேலேயிருந்து பதில் வந்தது, நீளமான சீழ்க்கை, கடைசியில் ஒரு உறுமல். கிளைகள் ஒடிந்தன. ஆண் எல்க் தேவதாரு மரங்களுக்கிடையிலிருந்து நேராக இறங்கி, பதினெட்டு அடிவைப்புத் தூரத்தில் பக்கவாட்டில் நின்றது. கழுத்து மயிர் சேற்றில் நனைந்து கறுத்திருந்தது. மூச்சு ஆவியாக வந்தது.

இழுத்தேன். முக்கால் தூரம் வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. முக்கால் இழுப்பில் அம்பு விடக்கூடாது, அது எந்தக் கற்றுக்குட்டிக்கும் தெரியும். மெதுவாக நாணை இறக்கிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். ஏரிக்கரையில் அத்தனை பேரும் என்னைப் பார்த்த பார்வை அந்த நொடியில் எப்படி வந்ததோ. விட்டுவிட்டேன்.

பலகையில் ஆணி அடித்த சத்தம் கேட்டது. அம்பு முன்தோள் எலும்பில் பட்டு, பாதிகூட இறங்காமல் ஆடியது. எல்க் ஒரே தாவலில் ஓடைக்கு அப்பால் போய்விட்டது.

மார்லிஸ் ஓடி வந்தாள். "எங்க பட்டுச்சு?"

"தோள்ல."

"முழுசா இழுத்தியா?"

"இல்ல."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "சரி, தேடுவோம்," என்றாள்.

உடனே துரத்தினால் இன்னும் தூரம் ஓடிவிடும் என்று ஒரு மணி நேரம் காத்திருந்து பிறகு இறங்கினோம். அறுபது அடிவைப்பில் அம்பு முறிந்து கிடந்தது. அதில் நான்கு விரல் நீளத்துக்கு ரத்தம், எலும்புத் துணுக்கு, கொஞ்சம் மயிர். அதற்கப்புறம் இலைகளில் ஒரு துளி, இருபது அடி தள்ளி இன்னொரு துளி. மதியத்துக்குள் அதுவும் நின்றுவிட்டது. சாயங்காலம் வரை மண்டியிட்டும் குனிந்தும் மண்ணைப் பார்த்தே தேடினோம்.

மறுநாள் விடிந்ததும் கன்னர் வீட்டுக் கதவைத் தட்டினேன். நடந்ததை முழுசாகச் சொன்னேன். குதிரை, அறுவை சிகிச்சை, டாக்டர் சொன்னது, மார்ச்சில் விழுந்த பொய், எல்லாம். அவர் காப்பிக் கோப்பையைக் கழுவித் துடைத்து வைத்தார். பூட்ஸை மாட்டிக்கொண்டார்.

"என் வில்லு, அதனால நானும் வர்றேன்," என்றார். "உன் மேல இருக்கிற கோவம் அப்படியேதான் இருக்கு."

அன்றும் மறுநாளும் மூவரும் அந்தச் சரிவை மடிப்பு மடிப்பாக நடந்தோம். கன்னர் அடிக்கடி நின்று வானத்தைப் பார்த்தார். செத்திருந்தால் இரண்டாம் நாளுக்குள் காக்கைகள் கூடிவிடும். ஒன்றுகூட வரவில்லை. அந்த இரண்டாவது நாள் எதிர்மேட்டில் ஈர மண்ணில் பெரிய குளம்புத் தடம் ஒன்று கிடைத்தது. முன்னங்கால் ஒன்று லேசாக இழுபட்டிருந்தது, ஆனால் நடை சீராக இருந்தது. பெண் எல்க்குகளின் தடங்களுக்கு நடுவே போயிருந்தது.

"அதுதானா?" என்றேன்.

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். உனக்கு உறுதியா சொல்லணும்னு நினைக்காத, என்னால முடியாது."

வண்டிக்கு வந்ததும் என் எல்க் அனுமதிச் சீட்டை எடுத்து, கொன்றவர்கள் செய்வதுபோல மாதத்தையும் தேதியையும் கத்தியால் வெட்டினேன். வெட்டிய சீட்டுக்கு இந்தப் பருவத்தில் இன்னொரு எல்க் கிடையாது.

"சட்டம் அப்படிச் சொல்லல, ராய்ஸ்," என்றாள் மார்லிஸ்.

"தெரியும்."

பருவத்தில் இன்னும் ஐந்து வாரம் மிச்சம் இருந்தது. மலையில் சீழ்க்கை கேட்கும்போதெல்லாம் கால் பரபரக்கும். கொட்டில்களில் வேலை செய்யும்போது ஆணியை வாயில் வைத்தபடி மலையையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஐம்பத்தெட்டைக் கன்னரிடம் திருப்பிக் கொடுத்தேன். உப்புத்தாள் போட்டுக் குறைக்க முடியுமா என்று வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"நாலு பவுண்டு, மிஞ்சினா அஞ்சு குறைக்கலாம். அதுக்குமேல போனா வில்லு செத்துடும். யாராவது ஐம்பத்தெட்டு இழுக்கிறவன் வருவான்," என்றார். பிறகு, மேஜையைத் துடைத்துக்கொண்டே, "அவ செஞ்சது எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"சத்தமே இல்ல."

"மேல்கைய மெல்லிசா இழைப்பா. நான் பதினஞ்சு வருஷம் வேண்டாம்னு சண்டை போட்டேன்."

அக்டோபர் நடுவில், கையில் மிச்சமிருந்த மான் சீட்டோடு, நாற்பத்துநாலை எடுத்துக்கொண்டு ஆற்றோர மரங்களுக்குள் போய் உட்கார்ந்தேன். முதல் இரண்டு நாளும் நாணில் விரல் வைக்கவே இல்லை. மான்கள் வந்தன, தூரமாக இருந்தன, போய்விட்டன. பன்னிரண்டு அடிவைப்புக்குள் வராத எதற்கும் கையைத் தூக்குவதில்லை என்று எனக்கு நானே கோடு போட்டிருந்தேன். உட்கார்ந்திருப்பதே பெரிய வேதனையாக இருந்தது. பத்து தடவை எழுந்து போய்விடலாமா என்று தோன்றியது.

மூன்றாம் நாள் மாலை வெள்ளைவால் பெண்மான் ஒன்று உதிர்ந்த இலைகளை முகர்ந்தபடி பத்தடிவைப்பில் வந்தது. தலையைக் குனிந்தது. இழுத்தேன். கை வாயோரம் வந்து நின்றது. அம்பு மானின் விலாவுக்குள் புகுந்து மறுபக்கம் வெளியேறி இலைகளில் செருகியது. மான் முப்பது அடி ஓடி, ஏதோ மறந்துபோனதுபோல நின்று, சாய்ந்தது.

மார்லிஸுக்கு போன் செய்தேன். அவள் சறுக்குப் பலகையோடு வந்து சேரும்வரை மானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"தோள் வலிக்குதா?" என்றாள்.

"இல்ல."

"அப்புறம் ஏன் இப்படி நடுங்குற?"

"தெரியல. நிக்கமாட்டேங்குது."

"நடுங்கட்டும். பின்னங்காலைப் பிடி," என்றாள். ஆளுக்கொரு காலைப் பிடித்து, மானைப் பலகையில் ஏற்றி, மணல்மேட்டைச் சுற்றி வண்டிக்கு இழுத்துப் போனோம்.