சூரணத்தில் கலந்தது

இலண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் ஆனந்தராஜா வாங்கிய வீடு விக்டோரியா மகாராணி காலத்து வீடு. அந்தத் தெருவில் எல்லா வீடுகளும் அந்தக் காலத்தவைதான். ஆனால் ஆனந்தராஜா சொல்லும்போது மகாராணியே வந்து அத்திவாரக் கல் வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்துப் போனது போல இருக்கும்.

குசினியைப் பெருப்பிக்கப் பின்வளவைத் தோண்டியபோது நீலக் கண்ணாடிப் போத்தல்கள் கூடைக் கணக்கில் வந்தன. கழுவிப் பார்த்தால் கண்ணாடியிலேயே எழுத்து: 'டாக்டர் டன்ஸ்கோம்பின் நரம்பு சஞ்சீவி.' மகள் தனுஷியா சும்மா இருக்கிற பிள்ளை இல்லை. பழைய பத்திரிகைகளைக் கிண்டி முழுக் கதையையும் எடுத்துவிட்டாள். டன்ஸ்கோம்ப் டாக்டரே இல்லை. கடன்பட்டுக் கடையை மூடிய துணி வியாபாரி. இதே வீட்டின் முன்னறையில் இருந்துகொண்டு நாடு முழுக்கத் தபாலில் மருந்து அனுப்பியிருக்கிறார். நரம்புத் தளர்ச்சி, வழுக்கை, மூட்டு வலி, மனச்சோர்வு, எல்லாவற்றுக்கும் ஒரே போத்தல். பிறகு யாரோ சோதித்துப் பார்த்ததில் உள்ளே இருந்தது சீனிப்பாணி, சாராயம், கொஞ்சம் அபின். குடித்தவர்களுக்குச் சுகம் வராமல் என்ன செய்யும்?

அந்த மருந்தின் விளம்பரம் ஒன்றைத் தனுஷியா சட்டம் போட்டு நடையில் மாட்டினாள். அதில் நோரிச் நகரத்துச் சீமாட்டி ஒருத்தி, டாக்டர்மார் கைவிட்ட தான் இப்போது மாடிப்படியில் ஓடி ஏறுவதாகச் சாட்சி சொல்லியிருந்தாள்.

"பாத்தீரே, மருத்துவம் விளைஞ்ச வீடு" என்றார் ஆனந்தராஜா மனைவி தவநாயகியிடம்.

"அப்பா, அந்தாள் கள்ளன்!" என்றாள் தனுஷியா.

"கள்ளனெண்டா அந்த மனுசி ஏன் சுகப்பட்டவ?"

இதற்கு மேல் கதைத்துப் பிரயோசனம் இல்லை என்று தவநாயகிக்குத் தெரியும். அவள் அந்த மனுசனோடு நெடுங்காலம் வாழ்ந்தவள்.

ஆனந்தராஜாவுக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. டாக்டர் மெட்போமின் என்ற குளிசையை எழுதிக் கொடுத்தார். ஆனந்தராஜா ஒரு குளிசையும் தொடவில்லை. காரணம் டொரொண்டோவில் இருந்த தமையன். ஆனந்தராஜாவின் கணக்கு நேரானது: அண்ணை குளிசை தொடங்கினார், அண்ணைக்குக் கால் எடுத்தார்கள், அண்ணை போய்விட்டார். ஆகவே குளிசை கூடாது. அதற்குப் பதிலாக அவர் போனில் ஒரு கோயம்புத்தூர்க்காரரைக் கண்டுபிடித்தார். வெள்ளை அங்கி, கழுத்தில் உருத்திராட்சம், பின்னால் ஒரு கணினி. அவருடைய 'மதுமேக மகா சூரணம்' தபாலில் டின் டின்னாக வந்திறங்கத் தொடங்கியது.

விடிய முழுகி, திருநீறு பூசி, வெறும் வயிற்றில் தன் கையாலேயே கலக்கிக் குடிப்பார். வேறு யாரும் கலக்கக் கூடாதாம், குணம் போய்விடுமாம்.

தவநாயகி கெஞ்சினாள், அழுதாள், இரண்டு கிழமை பேசாமல் இருந்து பார்த்தாள். பேசாமல் இருந்தது அவருக்கு வசதியாகத்தான் இருந்தது. கடைசியில் மாதாமாதம் மருந்துக் கடையில் இருந்து வந்து அலுமாரியில் குவிந்து கிடந்த குளிசைகளை எடுத்தாள். மிளகாய்த் தூள் அரைக்கிற மெஷினைக் கழுவித் துடைத்து அதில் போட்டாள். மாவாக அரைத்துச் சூரண டின்னில் கொட்டி நன்றாகக் கலந்தாள். சூரணமோ வேப்பெண்ணெய் போலக் கைக்கும். அதற்குள் எதைப் போட்டாலும் நாக்குக் கண்டுபிடிக்காது. புது டின் வந்தால் புதுக் கலவை. அந்த வீட்டில் இருந்து மருந்து செய்த இரண்டாவது ஆள் தவநாயகி. டன்ஸ்கோம்பைவிட அவளுக்கு ஒரு பெருமை: அவள் போட்டது உண்மையான மருந்து.

அடுத்த இரத்தச் சோதனையில் சீனி இறங்கியிருந்தது. நேர்ஸ் பெண் வாயெல்லாம் பல்லாக, "என்ன செய்கிறீர்களோ, அதையே தொடர்ந்து செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டாள். ஆனந்தராஜாவுக்குத் தலை கால் தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் நடையில் சீமாட்டியின் சட்டத்துக்குக் கீழே நின்று, நெஞ்சில் கை வைத்து ஒரு வீடியோ எடுத்தார். "நான் லண்டனில் இருந்து ஆனந்தராஜா. இங்கிலீஸ் மருந்து ஒரு துளியும் தொடாமல்..." என்று தொடங்கியது அது. கோயம்புத்தூர்க்காரர் அதற்கு நாதஸ்வரம் சேர்த்து உலகத்துக்கே அனுப்பினார். பின்னால் நின்று பார்த்த தவநாயகிக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

இத்தோடு நின்றிருந்தால் ஒரு குடும்பத்துப் பொய்யாகப் போயிருக்கும். ஒரு வியாழக்கிழமை தவநாயகி ஈஸ்ட் ஹாமில் மரக்கறி வாங்கிக்கொண்டு வந்தபோது, குசினி மேசையில் இருந்த, கோயில் சிநேகிதி சுலோச்சனாவின் பச்சை மூடிப் பெட்டியைக் காணவில்லை.

"சுலோச்சனா வந்தவ. அவ வடை தந்த பெட்டியைக் குடுத்துவிட்டன்" என்றார் ஆனந்தராஜா.

"வெறும் பெட்டியையோ?"

"வெறும் பெட்டி குடுக்கிற வழக்கம் இஞ்சை எப்ப இருந்தது? சூரணத்திலை பாதியைப் போட்டுக் குடுத்தனான். பாவம், அவவுக்கும் சீனிதானே."

தவநாயகி கையில் இருந்த முருங்கைக்காய்க் கட்டை அப்படியே போட்டுவிட்டு, போட்ட செருப்போடு திரும்பி நடந்தாள். சுலோச்சனாவுக்குச் சிறுநீரகம் பழுது. மெட்போமினை நிறுத்தி இன்சுலின் ஊசியில் விட்டிருக்கிறார்கள். இந்தச் செய்தி தவநாயகிக்கு எப்படித் தெரியும் என்று கேட்கத் தேவையில்லை. சுலோச்சனா தன் ரிப்போர்ட்டைக் கோயில் அன்னதான வரிசையிலேயே விரித்துக் காட்டியவள். அடுத்தவர்களுடைய ரிப்போர்ட்டும் அவளிடம் உண்டு, காகிதம் இல்லாமலே.

இரண்டு தெரு தள்ளி வீடு. கதவைத் திறந்த சுலோச்சனா ஆவலோடு பார்த்தாள். "வாங்கோ தவமக்கா! என்ன இந்த மழைக்குள்ளை? ஆருக்கும் ஏதும்...?"

"ஒண்டுமில்லை சுலோ. எங்கடையவர் தந்த தூள் பழசாம். டேட் முடிஞ்சு போச்சு. தாரும், மாத்தித் தாறன்."

"மூலிகைக்கு என்னக்கா டேட்? மலையிலை கிடக்கேக்கை அதுக்கு ஆர் டேட் அடிச்சவை?"

பச்சை மூடிப் பெட்டி சாமித்தட்டில் பிள்ளையார் படத்துக்கு முன்னால் இருந்தது. மேலே ஒரு செவ்வந்திப் பூ வேறு.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை. விடிய முழுகிப்போட்டுத் தொடங்கப் போறன்" என்றாள் சுலோச்சனா. "ஊசி குத்திக் குத்தி வயிறெல்லாம் கண்டிப்போச்சு. பொறுக்க ஏலாமல் கிடக்கு அக்கா."

அதைச் சொன்னபோது அவள் குரலில் வழக்கமான குறும்பு இல்லை.

"இது உமக்கு ஒத்துவராது. உமக்கு கிட்னி..."

"பச்சைப் பிள்ளைக்கும் குடுக்கலாமெண்டு அண்ணை வீடியோவிலை சொன்னவர்."

"அண்ணை ஆயிரம் சொல்லுவார்."

சுலோச்சனாவின் முகம் மாறியது. "விளங்குது. உங்கடை ஆள் சுகப்பட்டிட்டார். மற்ற ஆக்கள் சுகப்பட்டா உங்களுக்கு என்ன குறையுது? மனமாய்த் தந்த சாமானைப் பின்னாலை வந்து பறிக்கிறது நல்ல பழக்கமில்லை அக்கா."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடலாமா என்று தவநாயகி ஒரு கணம் யோசித்தாள். முழங்கால் விடாது. அதோடு, பிள்ளையார் முன்னால் களவெடுத்தவள் என்ற பெயர் ஈஸ்ட் ஹாம் முழுக்க நிற்கும். உண்மையைச் சொன்னால் நிற்கப் போகும் பெயர் இதைவிடப் பெரிது. அதுவும் சொல்ல வேண்டியிருப்பது சுலோச்சனாவிடம்! இலண்டனில் இத்தனை தமிழர் இருக்க, அந்தப் பெட்டி போய்ச் சேர்ந்த வீட்டைப் பாருங்கள்.

"சுலோ, அதுக்குள்ளை மெட்போமின் கிடக்கு" என்றாள். "நான்தான் அரைச்சுக் கலந்தனான். மாதக் குளிசை முழுக்க. அவர் போடமாட்டார் எண்டு."

சுலோச்சனா கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணைக்குத் தெரியுமே?"

"தெரியாது."

சுலோச்சனா பூவை எடுத்துப் பிள்ளையாரின் காலடியில் வைத்தாள். பெட்டியைச் சுடுசட்டி போல நுனி விரலால் தூக்கிக் குப்பை வாளியில் கவிழ்த்தாள். பிறகு கதிரையில் இருந்தாள். "கடவுளே, டொக்டர் அதைக் கண்ணாலையும் பாக்கக் கூடாதெண்டவர். விடிஞ்சிருந்தா..." அவளுடைய தோள் குலுங்கியது. அழுகிறாளாக்கும் என்று தவநாயகி கிட்டப் போனாள். அது சிரிப்பு.

"அப்ப, அண்ணை நெஞ்சிலை கை வைச்சுச் சொன்னது?"

"மெட்போமினுக்குத்தான்."

ஒருவருக்கும் சொல்லாதே என்று தவநாயகி கேட்கவில்லை. டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலிடம் ஓடாதே என்று கேட்பது போலத்தான் அது. "விடியும் மட்டும் பொறும்" என்றாள். "நான் முதல் அவருக்குச் சொல்லிப்போடுறன்."

"விடியும் மட்டுமோ?" சுலோச்சனா யோசித்தாள். "ஏலும் எண்டுதான் நினைக்கிறன்."

வீட்டில் ஆனந்தராஜா முருங்கைக்காயைப் பொறுக்கி மேசையில் வைத்திருந்தார். தவநாயகி ஈரச் செருப்போடு நடையிலேயே நின்று சொன்னாள், முதலில் இருந்து கடைசி வரை.

"நீர் எனக்கு மருந்து வைச்சனீரோ?" என்றார் அவர்.

"ஓம். உயிரோடை இருக்கட்டுமெண்டு வைச்சனான்."

"அண்ணைக்குக் கால்..."

"உங்கடை அண்ணை குளிசை போட்டதெண்டு ஆர் சொன்னது? செத்த வீட்டிலை அண்ணி என்னட்டைச் சொன்னவ, பெட்டி உடைக்காமல் அலுமாரிக்குள்ளை கிடந்ததெண்டு. நீங்கள் அப்ப அழுதுகொண்டு நிண்டனீங்கள். பிறகு சொன்னா கேக்கேல்லை."

ஆனந்தராஜா நோரிச் சீமாட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக, "சுலோச்சனா குடிச்சிருந்தா?" என்று கேட்டார்.

"ஆஸ்பத்திரி. அதுக்கு அங்காலை எனக்குத் தெரியாது."

அவர் குசினிக்குப் போனார். டின்னைக் குப்பையில் போடும் சத்தம் கேட்டது. அலுமாரி திறக்கும் சத்தமும், தண்ணீர்க் குழாய் திறக்கும் சத்தமும் பின்னால் வந்தன.

அடுத்த நாள் காலை கோயம்புத்தூருக்குப் போன் எடுத்தார்.

"தம்பி, என்ரை வீடியோவை எடுத்துவிடுங்கோ."

"ஏன் சார், மருந்துல ஏதாவது குறையா?"

"குறை இல்லை. மருந்தே இல்லை."

"சார், யூரோப் ஆர்டர் மொத்தமும் உங்க முகத்தாலதான் ஓடுது. அதை எடுக்க முடியாது சார். ஆமா, ரெண்டு டப்பா ஃப்ரீயா அனுப்பிடறேன், சரியா?"

ஆகவே சீமாட்டி இன்னும் நடையில் மாடிப்படி ஏறிக்கொண்டிருக்கிறாள்; ஆனந்தராஜா இன்னும் போன்களில் நெஞ்சில் கை வைத்துக்கொண்டிருக்கிறார். யாராவது கேட்டால், "அது பொய், நான் மெட்போமின் போடுறன்" என்கிறார். மருந்து இரகசியம், அதை மறைக்கத்தான் அப்படிச் சொல்கிறார் என்று பலர் நம்புகிறார்கள்.

ஞாயிறன்று சுலோச்சனா பச்சை மூடிப் பெட்டி நிறைய ரோல்ஸ் பொரித்துக் கொண்டு வந்தாள். கதை அதற்குள் வட இலண்டன் எட்மண்டன் வரை போயிருந்தது. மிச்சத்தைக் கேட்கத்தான் வந்திருந்தாள். ரோல்ஸ் தட்டுக்கு மாறியதும் ஆனந்தராஜா வெறும் பெட்டியைக் கையில் எடுத்தார்.

"வையுங்கோ அதை" என்றாள் தவநாயகி. "நான் நிரப்புறன்."