அக்மரால் என்று பெயர் வைத்த எலி

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துத்தான் ஷினார் வந்தாள். வாய் வரவில்லை.

"என்ன மூஞ்சி இது? நம்ம பாடம் பண்ணி வச்ச எலியெல்லாம் அலமாரியை விட்டு ஓடிப்போச்சா?" என்றார் ஓரின்பாய். விலங்கியல் நிறுவனத்தில் அவளோடு ஒரே அறையில் இருந்தவர். போன வசந்தத்தில்தான் ஓய்வு பெற்றார். அவரை 'அகாய்' என்றும் அவர் மனைவியை 'அபாய்' என்றும், அண்ணன், அக்கா என்பதுபோல, அவள் கூப்பிடுவாள்.

"ஓடல, அகாய். மரபணு முடிவு வந்திருச்சு."

அவர் சிரிப்பு நின்றது. அடுக்களையில் அவர் மனைவி கனிபா பவுர்சாக் மாவுருண்டைகளைப் பொரித்துக்கொண்டிருந்தாள். சுவரில் மகள் அக்மராலின் படம். பள்ளிக்கூடச் சீருடையோடு நின்றுபோனவள். அவள் இறந்த வருடம்தான் ஓரின்பாய் பாலைவனத்தில் ஒரு துள்ளெலியைப் பிடித்து, உலகம் அறியாத புது இனம் என்று எழுதி, மகள் பெயரை அதற்கு வைத்தார்.

"சொல்லு."

"தனி இனம் இல்ல. ஏற்கெனவே பேர் இருக்கிற சாதாரணத் துள்ளெலிதான்."

"எதுலேர்ந்து எடுத்த?"

"நீங்க பேர் வச்ச அதே உடம்புலேர்ந்து. கால்விரல் நுனி."

"யார் கையாவது பட்டுக் கலந்திருக்கும்."

"ரெண்டு ஊர் ஆய்வகத்துல தனித்தனியாப் பார்த்தாச்சு, அகாய்."

"மண்டையோட்டைப் பார்த்தியா? அதோட அகலமே வேற!"

ஷினார் கம்பளத்தைப் பார்த்தாள். "பார்த்தேன். எலும்புத் தையல் மூடல. அது குட்டி."

வளராத குட்டியின் மண்டையோட்டைப் பார்த்துப் புது இனம் என்று குதித்தவர்களை அவர் விட்டுவைத்ததே இல்லை. 'பால்குடி மறக்காததுக்குப் பேர்சூட்டு விழாவா?' என்று கூட்டத்தில் வைத்தே கேட்பார். இப்போது தாடையைத் தடவிக்கொண்டார்.

"அந்த வருஷம் எதைப் பார்த்தாலும் எனக்கு..." சுவரிலிருந்த மகள் படத்தைப் பார்த்தார். "கட்டுரையை அனுப்பிட்டியா?"

"உங்களைக் கேக்காமலா? வேணாம்னு சொல்லுங்க, கெடப்புல போட்டுடறேன்."

"போட்டா வேற எவனாவது கண்டுபிடிப்பான். பொய்யை எத்தனை நாளைக்கு அவ பேர்ல ஓட்டுறது? அனுப்பு."

"எதை அனுப்பணும்?" தட்டோடு கனிபா நின்றிருந்தாள். ஓரின்பாய் ஷினாரைப் பார்த்தார். "எனக்குக் காது கேக்கும். எம்பொண்ணு பேரை எடுக்கப் போறீங்க."

"எடுக்கல, அபாய்," என்றாள் ஷினார் அவசரமாக. "இந்த எலிக்கு ஏற்கெனவே ஒருத்தர் பேரை வச்சிருக்காங்க, முதல்ல வச்ச பேர்தான் நிக்கும்னு விதி. பட்டியல்ல அந்தப் பழைய பேருக்குக் கீழ நம்ம அக்மரால் பேரும் எப்பவும் இருக்கும்."

"யார் பேரு அந்தப் பழைய பேரு?"

"ஜார் காலத்து ராணுவ அதிகாரி ஒருத்தர்."

"கிழவனா?"

"அபாய்..."

"மீசைக்காரக் கிழவன் காலடியிலயா எம்பொண்ணைப் படுக்க வைக்கிறீங்க?"

"கனிபா, உண்மைன்னு ஒண்ணு இருக்குல்ல," என்றார் ஓரின்பாய்.

"இருக்கட்டும். அன்னிக்கு அவளைத் தூக்கிட்டுப் போனப்ப, பொம்பளைங்க இடுகாட்டுக்கு வரக்கூடாதுன்னு என்னை வாசல்லயே நிறுத்துனீங்க. இந்தத் தடவை என் கண்ணு முன்னாடியே பண்றீங்க."

தட்டை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். ஷினாரின் கோப்பையை எடுத்துத் தேநீர் ஊற்றினாள். அந்த ஊரில் விருந்தாளிக்குப் பாதிக் கோப்பைதான் ஊற்றுவார்கள். திரும்பத் திரும்ப ஊற்றி உட்கார வைக்கத்தான். கனிபா விளிம்பு வரை ஊற்றினாள். குடித்துவிட்டுக் கிளம்பு என்பதை அதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

ஓரின்பாய் கோப்பையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், தடுக்கவில்லை.

ஷினார் நாக்கு பொத்துப்போக அதை முழுவதும் குடித்தாள். செருப்பை மாட்டும்போது பின்னாலிருந்து ஓரின்பாயின் குரல் மட்டும் வந்தது.

"கட்டுரையை அனுப்புறப்ப உன் பேரோட என் பேரையும் போடு."